முதல் நாளைச் சேர்த்து எண்ணுங்கள்

2025 ஜனவரி 26, ஞாயிற்றுக்கிழமை. ராத்திரி ஒன்பதரை மணிக்கு, பிசைந்த சோற்றை வாயில் வைக்கும் முன்பே என் வீட்டுக்காரரை ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். லாரி ஓட்டுபவர். தூத்துக்குடியிலிருந்து கொல்லத்துக்கு முந்திரிக்கொட்டை ஏற்றிப் போன லோடில் 18 மூட்டை குறைகிறது என்று லாரி முதலாளி புகார் கொடுத்திருந்தார். “விசாரிச்சிட்டு அனுப்பிருவோம்மா, காலைல வந்துருவாரு” என்றார் வந்த ஏட்டு. நானும் நம்பி, மிச்சச் சோற்றில் தண்ணீர் ஊற்றி மூடி வைத்தேன். அவர் வீடு திரும்பியது மே 9-ம் தேதி. மறுநாள் ரிமாண்ட் செய்து ஜெயிலுக்கு அனுப்பியதிலிருந்து மொத்தம் 103 நாள். மூட்டையை எடுத்தது யார் என்பது கோர்ட்டில் இருக்கிறது, அதை இங்கே பேசப் போவதில்லை. ஆனால் அந்த 103 நாளில் கடைசி 42 நாள் அவர் உள்ளே இருந்ததற்கு வழக்கு காரணம் இல்லை. எண்ணத் தெரியாததுதான் காரணம். அதைத்தான் சொல்ல வந்தேன்.

மறுநாள் காலை நான் ஸ்டேஷனுக்குப் போனபோது கோர்ட்டுக்குக் கொண்டுபோய்விட்டதாகச் சொன்னார்கள். ஆட்டோ பிடித்துக் கோர்ட்டுக்குப் போனால், ரிமாண்ட் முடிந்து வேனில் ஏற்றிவிட்டார்கள். ஜன்னல் கம்பி வழியாகக் கையை மட்டும் பார்த்தேன். “வக்கீல் இருக்காரா?” என்று நீதிபதி கேட்டதாகவும், “இல்லீங்க” என்று தான் சொன்னதாகவும் பிறகு சொன்னார். அந்த ஒரு கேள்விக்கு “இல்லை, எனக்கு ஒருவரை ஏற்பாடு பண்ணுங்கள்” என்று சொல்லியிருந்தால் போதும். முதல் முறை ஆஜர்படுத்தும்போதே காசில்லாதவருக்கு அரசு செலவில் வக்கீல் கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1980-லேயே ஒரு பீகார் வழக்கில் சொல்லிவிட்டது. இன்னொன்று: ஏழு வருடம் வரை தண்டனை உள்ள குற்றங்களில் உடனே கைது செய்தே ஆக வேண்டும் என்பதில்லை. முதலில் நோட்டீஸ் கொடுத்து விசாரிக்கலாம், கைது செய்தால் ஏன் அவசியம் என்று எழுதிக் காட்ட வேண்டும் என்று 2014-ல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் கட்டளையே போட்டிருக்கிறது. இவர் மேல் போட்ட பிரிவுக்கு ஏழு வருடம்தான். ரிமாண்ட் நேரத்தில் எழுந்து நின்று இதைச் சொல்ல ஒரு ஆள் இல்லை.

பிறகு கோர்ட் எதிரே டீக்கடையில் ஒருவர் கை காட்டிய வக்கீலைப் பிடித்தேன். முதல் நாளே 25,000 கேட்டார். வளையல் இரண்டும் அடகுக்குப் போயின. வக்கீலை அமர்த்தும் தாளான வக்காலத்தில் கையெழுத்து வாங்க அவருடைய ஜூனியர் ஜெயிலுக்குப் போய்வரப் பத்து நாள் ஆனது. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: ஆள் உள்ளே போன பிறகு வக்காலத்து என்றால் ஜெயிலுக்குக் கொண்டுபோய், அவர் கையெழுத்துப் போட்டு, சிறை அதிகாரி சான்று போட்டுத் திரும்பி வர வேண்டும். ரிமாண்ட் அன்றே கோர்ட் வாசலில் இரண்டு மூன்று வக்காலத்தில் கையெழுத்து வாங்கி வைத்திருந்தால் அந்தப் பத்து நாள் மிச்சம். பிப்ரவரியில் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் ஜாமீன் மனு தள்ளுபடி. மார்ச் தொடக்கத்தில் செஷன்ஸில் இன்னொரு 15,000, அதுவும் தள்ளுபடி. “பொருள் இன்னும் ரிகவரி ஆகலம்மா” என்றார் வக்கீல். தள்ளுபடி உத்தரவின் நகலைக் கேட்டேன். “அது எதுக்கு உங்களுக்கு?” என்றார். நானும் வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். இப்போது நினைத்தால் என் மேலேயே கோபம் வருகிறது. காசு என்னுடையது, புருஷன் என்னுடையவர், காகிதம் மட்டும் எனக்கு எதுக்காம்!

நீங்கள் அப்படி இருக்காதீர்கள். முதல் நாளே ஒரு நோட்டு வாங்குங்கள். ஸ்டேஷன் பெயர், குற்ற எண், சட்டப்பிரிவுகள், கைதான நேரம், ரிமாண்ட் ஆன தேதி, கோர்ட் பெயர், அடுத்த வாய்தா எல்லாவற்றையும் எழுதுங்கள். ரகசியமான சில வகை வழக்குகள் தவிர, முதல் தகவல் அறிக்கையைக் காவல்துறை இணையதளத்திலேயே எடுக்கலாம். இ-கோர்ட்ஸ் செயலியில் வழக்கு எண்ணைப் போட்டால் என்ன நடந்தது என்று போனிலேயே தெரியும். இது எனக்கு ஏப்ரல் மாதம்தான் தெரிந்தது. அதுவரை ஒவ்வொரு விவரத்துக்கும் வக்கீல் வீட்டு வாசலில் நின்றேன்.

எங்கள் ஊரிலிருந்து மத்திய சிறை 60 கிலோமீட்டர். முதல் முறை மனு போட்டுப் பார்க்கப் போனபோது ஒரு பையில் கைலி, துண்டு, சோப்பு, தொப்பி, தொழுகை விரிப்பு, குர்ஆன் எல்லாம் கொண்டுபோனேன். கைலியும் துண்டும் உள்ளே போயின. குர்ஆனைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “கெட்டி அட்டை வச்சது அனுமதி இல்லம்மா” என்று திருப்பிக் கொடுத்தார்கள். விரிப்பு தடிமனாக இருக்கிறதாம். எனக்கு அழுகை வந்துவிட்டது. குர்ஆனையே வேண்டாம் என்கிறார்களே என்றுதான் தோன்றியது. வரிசையில் பின்னால் நின்ற ஒரு அம்மா, “தாயி, அட்டையத்தான வேணாம்ங்குறாங்க, மெல்லிசுப் புத்தகமா வாங்கியாந்து குடு” என்றார். அடுத்த முறை காகித அட்டை போட்ட சின்ன குர்ஆனும், விரிப்புக்குப் பதில் ஒரு பருத்தித் துண்டும் கொண்டுபோனேன். எந்தக் கேள்வியும் இல்லாமல் உள்ளே போனது. அட்டைக்குள் எதையாவது மறைத்துக் கொண்டுபோனவர்கள் இருக்கிறார்கள், அதனால் அந்த விதி. எது மதத்தைத் தடுப்பது, எது சோதனை என்று பிரித்துப் பார்க்க எனக்கு ஒரு மாதம் ஆனது. அத்தர் பாட்டில், உலோகச் சங்கிலி, தடித்த கயிற்றில் கோத்த மணி எல்லாம் எங்கேயும் சிக்கல்தான். பிளாஸ்டிக் தஸ்பீஹ் மணி, மெல்லிய புத்தகம், நூல் தொப்பி பிரச்சினை இல்லை. திருப்பிக் கொடுத்தால் சண்டை போடாமல், “என்ன மாதிரி இருந்தா விடுவீங்க?” என்று கேளுங்கள். பதில் சொல்லாமல் ஒரேயடியாக மறுத்தால் அப்போது எழுதிக் கொடுக்கலாம்.

இவருடைய பிளாக்கிலேயே ஒரு பையன், தைப்பூசத்துக்கு மாலை போட்டிருந்த நேரத்தில் கைதாகி வந்தவன். உள்ளே நுழையும்போது ருத்ராட்ச மாலையை, செம்புக் கம்பியில் கோத்தது என்று கழற்றி வாங்கிவிட்டார்கள். மாலையை இடையில் கழற்றினால் விரதம் போச்சே என்று அவன் இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்திருக்கிறான். என் வீட்டுக்காரர்தான் ஜெயிலரிடம் பேசி, நூலில் கோத்துத் தரச் சொல்லி வாங்கிக் கொடுத்தார். பிப்ரவரி 11 தைப்பூசத்தன்று சிறைக்குள் இருக்கும் சின்னக் கோயிலில் அவனே விளக்கு ஏற்றினானாம். இதைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து போனில் சொல்லும்போது இவர் முகத்தில் முதல் முறையாகச் சிரிப்பைப் பார்த்தேன். ஊரில் பிள்ளைகளிடமும் பள்ளிக்கூடத்திலும் நான் “அத்தா குஜராத் லைனுக்குப் போயிருக்காங்க” என்று பொய் சொல்லிக்கொண்டிருந்த நாட்கள் அவை.

ரமலான் மார்ச் 2-ம் தேதி தொடங்கியது. நோன்பு வைப்பவர்களுக்கு ஜெயிலில் சஹருக்கு, அதாவது விடியும் முன் சாப்பிட, தனிச் சாப்பாடு, மாலையில் கஞ்சி எல்லாம் உண்டு என்று எல்லோரும் சொன்னார்கள். உண்மைதான், உண்டு. ஆனால் அது ஒரு பட்டியலைப் பார்த்து நடக்கிறது. பட்டியலை முன்கூட்டியே, பிளாக் வாரியாக எடுத்துவிடுகிறார்கள். இவரைப் பிப்ரவரி கடைசியில் வேறு பிளாக்குக்கு மாற்றினார்கள். பழைய பிளாக்கின் பட்டியலில் பெயரை அடித்துவிட்டார்கள், புதிய பிளாக்கின் பட்டியல் அதற்கு முன்பே போய்விட்டது. ஆக, இரண்டிலும் இல்லை. மாலை ஆறு மணிக்கு லாக்கப் மூடினால் காலையில்தான் திறப்பு. சூரியன் மறைவது அதற்குப் பிறகு. சஹருக்கு யாரும் வந்து கதவைத் திறந்து சோறு போடப் போவதில்லை, எதுவாக இருந்தாலும் மூடும் முன்பே கைக்கு வந்திருக்க வேண்டும். இவருக்கு வரவில்லை. மதியம் கொடுத்த சோற்றைத் தட்டில் மூடிவைத்து, மாலையில் பாதி, விடிகாலையில் பாதி என்று சாப்பிட்டிருக்கிறார். மார்ச் மாத வெயிலில் மதியச் சோறு விடிகாலை வரை தாங்குமா? ஊசிப்போயிருக்கும். பக்கத்துக் கைதிகள் கொடுத்த பிஸ்கட்டில் நான்கு நோன்பை ஓட்டியிருக்கிறார்.

மார்ச் 6 வியாழக்கிழமை மனு போட்டு நேரில் பார்த்தபோதுதான் இது எனக்குத் தெரிந்தது. “விடு, அல்லாஹ் பாத்துப்பான்” என்றார். எனக்கு விட மனமில்லை. வாசலில் இருந்த காவலரிடம் வாயால் சொன்னேன், “உள்ள சொல்றேம்மா” என்றார். அப்படிச் சொன்னது எங்கே போய்ச் சேரும் என்று அதற்குள் எனக்குத் தெரிந்திருந்தது. எதிரே ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து ஒரு வெள்ளைத் தாளில் எழுதினேன்: பெயர், கைதி எண், எந்தப் பிளாக்கிலிருந்து எந்தப் பிளாக்குக்கு மாற்றினார்கள், மார்ச் 2 முதல் நோன்பு, சஹர் உணவும் நோன்பு திறக்கக் கஞ்சியும் லாக்கப்புக்கு முன்பு தர வேண்டும், அவ்வளவுதான். பெறுநர், சிறைக் கண்காணிப்பாளர். நகல், மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுச் செயலாளர். வாசலில் வாங்கமாட்டேன் என்றார்கள். பேருந்து நிலையம் பக்கத்துத் தபால் நிலையத்தில் இரண்டையும் ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் போட்டேன். எட்டாவது நோன்பிலிருந்து இவருக்குச் சாப்பாடு வந்தது. சிறை நல அலுவலர் நேரில் வந்து, “முன்னாடியே சொல்லியிருக்கலாமேப்பா” என்று கேட்டாராம். அவர் நல்லவர்தான். கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை, பட்டியலில் பெயர் இல்லை, அவ்வளவுதான். உள்ளே பெரும்பாலான விஷயங்கள் இப்படித்தான் நடக்கின்றன. முடியாது என்று யாரும் சொல்வதில்லை, நம் பெயர் எங்கேயோ விட்டுப்போகிறது.

ஆகவே பண்டிகையோ விரதமோ நெருங்கினால் பதினைந்து நாள் முன்பே எழுதிக் கொடுங்கள். பிளாக் மாறினால் மறுபடியும் எழுதுங்கள். உள்ளே இருப்பவர் நல அலுவலரிடம் கொடுப்பது ஒன்று, வெளியே இருப்பவர் தபாலில் அனுப்புவது ஒன்று, இரண்டுமே வேண்டும். சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது என்ற தைரியத்தோடு எழுதுங்கள். சிறைக்குப் போனதால் அடிப்படை உரிமை எல்லாம் போய்விடாது, அடைத்து வைப்பதால் தவிர்க்க முடியாமல் எது போகிறதோ அது மட்டும்தான் போகும் என்று சுனில் பத்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1978-லேயே சொல்லியாகிவிட்டது. மதத்தைப் பின்பற்ற உரிமை தரும் அரசியல் சட்டத்தின் 25-வது பிரிவும் அதில் அடக்கம். இவர் இன்னும் தண்டனைக் கைதிகூட இல்லை, விசாரணைக் கைதி. விசாரணைக் கைதி வெளியிலிருந்து சாப்பாடும் துணியும் வாங்கிக்கொள்ளலாம் என்று 1894-ம் ஆண்டுச் சிறைச் சட்டத்திலேயே இருக்கிறது, சோதனைக்கு உட்பட்டு. வெள்ளைக்காரன் போட்ட சட்டத்தில் இருப்பதைக் கேட்க நாம் ஏன் கூச்சப்பட வேண்டும்?

சரி, வாய்தா கதைக்கு வருகிறேன். ரிமாண்டை ஒரே தடவையில் பதினைந்து நாளுக்கு மேல் நீட்ட முடியாது. ஒவ்வொரு முறையும் நான் காலை எட்டு மணிக்கே கோர்ட் வேப்பமரத்தடியில் போய் நிற்பேன், வேனிலிருந்து இறங்கும்போது ஒரு வார்த்தை பேசலாம் என்று. முதல் முறை வந்தார். இரண்டாம் முறை, வழிக்காவலுக்கு ஆயுதப்படை போலீஸ் இல்லை, வீடியோவில் முடித்துவிட்டார்கள் என்றார்கள். அப்புறம் எல்லாமே வீடியோதான். புதிய சட்டமும் அதை அனுமதிக்கிறது. அது தவறென்று நான் சொல்லவில்லை, ஆனால் என்ன ஆகிறது தெரியுமா? பெயர் கேட்பார்கள், “ஐயா” என்பார், அடுத்த தேதி சொல்வார்கள், திரை மாறிவிடும். அரை நிமிடம்கூட இல்லை. “சொல்ல ஏதாவது இருக்கா?” என்று ஒரு தடவை நீதிபதி கேட்டிருக்கிறார். வார்டர் பக்கத்தில் நிற்க, பின்னால் இருபது பேர் வரிசையில் நிற்க, இவர் “ஒண்ணுமில்லீங்கய்யா” என்றிருக்கிறார். அந்த அரை நிமிடத்தில் சொல்ல வேண்டியதை முன்கூட்டியே ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். “வக்கீல் என்னை வந்து பார்க்கவில்லை”, “உடம்பு சரியில்லை”, “இன்றோடு இத்தனை நாள் ஆகிறது.” திரையில் சொன்னாலும் அது நீதிபதியிடம் சொன்னதுதான்.

இந்த “இத்தனை நாள்” என்பதுதான் என்னைச் சாகடித்த விஷயம். கைதானவர் மேல் போலீஸ் குறிப்பிட்ட நாளுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யவில்லை என்றால், வழக்கு எவ்வளவு பெரியதாக இருந்தாலும் ஜாமீன் கொடுத்தே ஆக வேண்டும். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 167, 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதில் வந்த புதிய சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 187-வது பிரிவு. பத்து வருடமோ அதற்கு மேலோ, ஆயுள், மரண தண்டனை வரக்கூடிய குற்றம் என்றால் 90 நாள். மற்றதற்கு 60 நாள். போதைப்பொருள் சட்டம், உபா என்கிற சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம் மாதிரிச் சட்டங்களில் கணக்கு வேறு. இதைப் பற்றி டீக்கடையில்கூடப் பேசிக்கொள்வார்கள், நானும் கேள்விப்பட்டிருந்தேன். எனக்குத் தெரியாதது இரண்டு. ஒன்று, 60 நாள் முடிந்ததும் தானாகக் கதவு திறக்காது, மனு போட வேண்டும். குற்றப்பத்திரிகை வந்துசேரும் முன் போட வேண்டும். அது வந்துவிட்டால் அந்த உரிமை போயிற்று. இரண்டு, நாளை எங்கிருந்து எண்ணுவது?

ஜனவரி 27 ரிமாண்ட். அந்த நாளையும் சேர்த்தால் ஜனவரியில் 5, பிப்ரவரியில் 28, மார்ச்சில் 27. அதாவது மார்ச் 27 வியாழக்கிழமை அறுபது நாள் முடிகிறது. மார்ச் 28 வெள்ளி காலை கோர்ட் திறந்ததும் மனு போட்டிருக்க வேண்டும். எங்கள் வக்கீல் முதல் நாளைச் சேர்க்காமல் எண்ணினார். அவர் கணக்கில் வெள்ளிதான் அறுபதாவது நாள். சனி, ஞாயிறு விடுமுறை, திங்கள் 31 ரமலான் பெருநாள். “செவ்வாய்க்கிழமை முதல் வேலையா போட்டுருவோம்மா, பெருநாளுக்கு மறுநாளே ஆள் வெளிய” என்றார். வியாழன் ராத்திரி ரமலானின் 27-ம் இரவு, லைலத்துல் கத்ர் என்னும் புனித இரவு. விடிய விடியத் தொழுதேன். அல்லாஹ்விடம் கேட்டுக்கொண்டே இருந்தேன், காலெண்டரை எடுத்து ஒரு தடவை எண்ணிப் பார்க்கத் தோன்றவில்லை. வெள்ளிக்கிழமை மாலை நாலரை மணிக்கு போலீஸ் குற்றப்பத்திரிகையைக் கொண்டுவந்து தாக்கல் செய்துவிட்டது. நான் செவ்வாய்க்கிழமை கோர்ட்டில் போய் நின்றபோதுதான் அது எங்களுக்குத் தெரியும்.

ரிமாண்ட் ஆன நாளையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு 2023 மார்ச்சில் சொல்லியிருக்கிறது. அதற்கு முன் இரண்டு விதமாகவும் தீர்ப்புகள் இருந்ததால் குழப்பம் இருந்தது, இப்போது இல்லை. இந்த உரிமை எவ்வளவு கெட்டியானது என்பதற்கு ஒன்று சொல்கிறேன். கொரோனா ஊரடங்கில் கோர்ட்டே மூடிக்கிடந்தபோதுகூட, மதுரை மாவட்டத்தில் பதிவான ஒரு வழக்கில், ஊரடங்கைக் காட்டி போலீஸுக்குக் கூடுதல் நாள் கொடுக்க முடியாது என்று 2020 ஜூனில் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. நோய் வந்தும் அசையாத உரிமை ஒரு நாள் தப்பாக எண்ணினதில் போய்விட்டது. இன்னும் வயிறெரிய வைப்பது, இதற்கு வக்கீலே தேவையில்லை என்பதுதான். எழுத்தில்கூட வேண்டாம், வாயால் கேட்டாலே போதும், இதில் நுணுக்கம் பார்க்கக் கூடாது என்று 2017-லேயே தீர்ப்பு இருக்கிறது. வியாழக்கிழமை இவர் ஜெயிலுக்குள் ஒரு தாளில் “நாளையோடு 61 நாள் ஆகிறது, எனக்கு ஜாமீன் வேண்டும், பிணை கொடுக்கத் தயார்” என்று எழுதிக் கண்காணிப்பாளர் மூலம் கோர்ட்டுக்கு அனுப்பச் சொல்லியிருக்கலாம். நானும் வெள்ளி காலை நகலோடு போய் நின்றிருக்கலாம். உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி ஆனால், ரிமாண்ட் அன்றே காலெண்டரில் 60-ஐயும் 90-ஐயும் வட்டம் போடுங்கள். முதல் நாளைச் சேர்த்து எண்ணுங்கள். அதற்கு மறுநாள் விடுமுறையாக இருந்தால் பொறுப்பு மாஜிஸ்திரேட் யார் என்று நாலு நாள் முன்பே விசாரித்து வையுங்கள். மனுவைக் கொடுத்த நேரத்தை எழுதி முத்திரை வாங்குங்கள், ஏனென்றால் அன்று சண்டையே எது எத்தனை மணிக்கு முதலில் வந்தது என்பதில்தான்.

ஏப்ரல் முதல் வாரம், கோர்ட் வளாகத்தில் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். அங்கே சட்டத் தன்னார்வலராக வேலை பார்க்கும் ஒரு அக்கா வந்து என்னம்மா என்று கேட்டார். சொன்னேன். “காவல்ல இருக்கிறவங்களுக்கு வருமானமே பாக்க மாட்டாங்க, வக்கீல் இலவசம், தெரியாதா?” என்றார். தெரியாது. 40,000 கொடுத்த பிறகு தெரிந்தது. 1987-ம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 12-வது பிரிவில், சிறையில் இருப்பவர் ஏழையா பணக்காரரா என்று பார்க்காமல் இலவச வக்கீலுக்கு உரிமை கொடுத்திருக்கிறது. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம், கோர்ட் வளாகத்திலேயே அலுவலகம் இருக்கிறது, ஜெயிலுக்குள்ளேயும் சட்ட உதவி மையம் இருக்கிறது. இலவச வக்கீல் என்றால் ஒப்புக்கு வருவார் என்று ஒரு எண்ணம் எனக்கும் இருந்தது. வந்தவர் சின்ன வயதுப் பெண். நான் காசு கொடுத்த வக்கீல் இரண்டு மாதத்தில் ஒரு தடவைகூட ஜெயிலுக்குப் போகவில்லை. இந்தப் பெண் முதல் வாரத்திலேயே போய் இவரோடு முக்கால் மணி நேரம் தனியாகப் பேசிவிட்டு வந்தார். விசாரணைக் கைதி தன் வக்கீலிடம் வேறு யாரும் பக்கத்தில் இல்லாமல் பேசலாம் என்பதும் அந்தப் பழைய சிறைச் சட்டத்திலேயே இருக்கிறதாம்.

மனு வரிசையில் என்னைத் “தாயி” என்று கூப்பிட்ட அந்த அம்மாவைச் சொன்னேனே, அவருடைய மகன் தண்டனைக் கைதி. மேல்முறையீட்டுக்குத் தீர்ப்பு நகல் வாங்க, வக்கீல் வைக்க என்று கம்மலை விற்றிருக்கிறார். அதுவும் தேவையில்லாத செலவு. தண்டனை பெற்றவருக்குத் தீர்ப்பு நகல் இலவசமாகக் கையில் கொடுக்க வேண்டும், மேல்முறையீட்டுக்கு இலவச வக்கீல் தர வேண்டும், சிறையிலிருந்தே மேல்முறையீட்டு மனுவை அனுப்பி வைக்க வேண்டும் என்று 1978-ல் ஹோஸ்காட் வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணய்யர் எழுதியிருக்கிறார். கெடுவை மட்டும் மறக்கக் கூடாது: செஷன்ஸுக்குப் போவதென்றால் 30 நாள், உயர் நீதிமன்றம் என்றால் 60 நாள், நகலுக்குக் காத்திருந்த நாளைக் கழித்துக்கொள்வார்கள். அதே கிருஷ்ணய்யர்தான், திகார் சிறையில் ஒரு வார்டர் ஒரு கைதியைச் சித்திரவதை செய்ததைப் பற்றி இன்னொரு கைதி எழுதிய கடிதத்தையே மனுவாக எடுத்துத் தீர்ப்புச் சொன்னவர். கடிதம் எழுதியவர் தூக்குத் தண்டனைக் கைதி. வாசலில் நிற்கும் நாம் ஒரு தபால் போட யோசிக்கிறோம்.

ஏப்ரல் 21 செஷன்ஸில் ஜாமீன் கிடைத்தது. முடிந்தது என்று நினைத்தேன், முடியவில்லை. இரண்டு பேர் ஜாமீன், ஆளுக்கு 10,000, இருவரும் உள்ளூர்க்காரர்களாக இருக்க வேண்டும். என் தம்பி ஒருவன் நின்றான். இன்னொருவருக்கு இவருடைய அண்ணன் இருந்தார், ஆனால் அவர் ரேஷன் கார்டு கேரளாவில். ஜமாஅத்தில் நாலு பேரிடம் கேட்டேன். எல்லோரும் துஆ செய்வதாகச் சொன்னார்கள். அப்போது கோர்ட் வாசலில் ஒருவர், “ஆள் நான் தர்றேன், 8,000 குடுங்க” என்றார். கொடுத்தேன். மறுநாள் போன் அணைந்திருந்தது. அப்படிக் காசுக்கு நிற்கும் ஆள் போலிக் காகிதத்தோடு மாட்டினால் ஜாமீனே ரத்தாகும், நம் மேலும் வழக்கு வரும் என்று பிறகு அந்த வக்கீல் பெண் திட்டினார். திட்டு வாங்க வேண்டியதுதான்.

அவர்தான் 2023 ஜனவரி 31-ல் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவைக் காட்டினார். ஜாமீன் உத்தரவை அன்றோ மறுநாளோ மின்னஞ்சலில் சிறைக்கு அனுப்ப வேண்டும். ஏழு நாளில் ஆள் வெளியே வரவில்லை என்றால் கண்காணிப்பாளர் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். உள்ளூர் ஜாமீன்தாரர்தான் வேண்டும் என்று அடம் பிடிப்பதால் ஆட்கள் உள்ளேயே கிடக்கிறார்கள், அப்படிப்பட்ட இடத்தில் அந்த நிபந்தனை கூடாது என்றும் அதில் இருக்கிறது. அதை வைத்து நிபந்தனையைத் தளர்த்தக் கேட்டு மனு போட்டார். மே 7-ல் ஒரு ஜாமீன்தாரரும் சொந்தப் பிணையும் போதும் என்று மாறியது. 8-ம் தேதி கையெழுத்து முடிந்து உத்தரவு ஜெயிலுக்குப் போய்ச் சேர ஆறு மணி தாண்டிவிட்டது, லாக்கப் மூடியாகிவிட்டது, நாளைக்கு என்றார்கள். அந்த ராத்திரி பேருந்து நிலையத்திலேயே இருந்தேன். நீங்கள் பிணை போடும் அன்று காலையிலேயே வேலையை முடிக்கப் பாருங்கள். மாலை ஆகிவிட்டால் ஒரு நாள் போயிற்று.

செலவு கேட்பீர்கள். முதல் வக்கீலுக்கு 40,000, அவருடைய குமாஸ்தாவுக்கும் அதற்கும் இதற்கும் கிட்டத்தட்ட 10,000, ஏமாந்தது 8,000, ஜெயில் கேண்டீனுக்கு அவர் பெயரில் கட்டியது 12,000, பேருந்துக்கு 5,000. மூன்று மாதம் லாரிச் சம்பளம் இல்லை. நான் தைக்கும் ஜாக்கெட்டில் பாதி திரும்பிப் போனது, தேதிக்குத் தைத்துக் கொடுக்க முடியவில்லை. வளையல் இன்னும் அடகில் இருக்கிறது. இலவச வக்கீலுக்கு ஆன செலவு, வக்காலத்தை ஜெராக்ஸ் எடுத்த ஆறு ரூபாய்.

வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. கேஸ் கட்டைத் திருப்பி வாங்கவும், வக்காலத்தை மாற்றச் சம்மதக் கையெழுத்து வாங்கவும் பழைய வக்கீல் வீட்டுக்குப் போன வாரம் போயிருந்தேன். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். எழுந்து வரும்போது கேட்காமல் இருக்க முடியவில்லை, “சார், அன்னைக்கு வெள்ளிக்கிழமையே போட்டிருக்கலாமே?” என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: “மொத நாளைச் சேக்குறது இல்லம்மா.”